டீ ஃபேக்டரி சீசன் வேலையை பயோடேட்டாவில் எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் இலை வரத்து கூடும் மாதங்களில் டீ ஃபேக்டரிகள் தற்காலிகமாக ஆள் எடுக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரி வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள், திருப்பூருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் என்று பலரும் அந்த மூன்று நான்கு மாதம் போய் வருகிறார்கள். அப்புறம் கோயம்புத்தூரிலோ ஊட்டி ரிசார்ட்டிலோ வேலைக்கு எழுதும்போது அந்த மாதங்களை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பயோடேட்டா அடிக்க வரும்போது கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே.

மூன்று மாதம்தான் வேலை பார்த்தேன். அதையெல்லாம் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். முதல் வேலை கேட்டு வருகிறவரைப் பற்றிக் கம்பெனிக்காரருக்கு இருக்கும் பெரிய சந்தேகம் படிப்பு சம்பந்தப்பட்டது இல்லை. இந்தப் பையன் ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வருவானா, ஒரு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவானா என்பதுதான். மதிப்பெண் பட்டியல் அதற்குப் பதில் சொல்லாது. ஒரு சீசன் முழுக்க ஃபேக்டரியில் நின்றவர் என்றால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். 'பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது' என்று எழுதி நிரப்பும் இடத்தை இதற்குக் கொடுக்கலாம்.

பத்து நாள் போய்விட்டு நின்றிருந்தால் எழுத வேண்டாம். அதேபோல வேறு துறையில் நாலைந்து வருடம் ஆகிவிட்டது என்றால் ஒரு வரி போதும்.

'ஹெல்ப்பர்' என்று போட்டால் மதிப்பாக இருக்குமா? 'புரொடக்‌ஷன் அசோசியேட்' என்று போடலாமா?

உங்கள் கூலிச் சீட்டிலோ வருகைப் பதிவேட்டிலோ என்ன இருக்கிறதோ அதற்குப் பக்கமாகவே இருங்கள். 'பேக்கிங் பிரிவு உதவியாளர் (தற்காலிகம்)' என்பது உண்மை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. பெரிய பட்டம் போட்டுக்கொண்டால் எதிரில் இருப்பவர் அந்தப் பட்டத்துக்குத் தகுந்த கேள்வி கேட்பார். 'உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'தற்காலிகம்' என்ற சொல்லையும் மறைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் துரத்திவிட்டார்களோ என்று நினைப்பார்கள். அது இருந்தால் சீசன் முடிந்தது, வந்துவிட்டார் என்று புரிந்துகொள்வார்கள்.

தினமும் ஒரே வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதேதான். இதில் எழுத என்ன இருக்கிறது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலையின் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் ஒன்றும் தோன்றாமல் 'கடின உழைப்பாளி' என்று சேர்த்துவிடுகிறார்கள். அதை எல்லோரும்தான் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: நான் நின்ற இடத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அதற்கு வரும் பதிலைத்தான் பயோடேட்டாவில் எழுத வேண்டும். எந்த மெஷின் பக்கத்தில் நின்றீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

இலை இறக்கும் இடத்தில் இருந்தவர் வண்டி வந்ததும் எடை போட்டிருப்பார், முற்றல் இலை எவ்வளவு, மழை ஈரம் எவ்வளவு என்று பார்த்திருப்பார், ஒவ்வொரு விவசாயியின் கணக்கிலும் எடையை ஏற்றியிருப்பார். ஈரத்துக்கு எடை கழித்தால் 'என்னப்பா இவ்வளவு கழிச்சிட்டே' என்று சண்டை வரும். அதைக் குரல் உயர்த்தாமல் சமாளித்து, அடுத்த வண்டிக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? ரிசார்ட் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் எடை போட்டவர்களில் பாதிப் பேர் இதை எழுதுவதே இல்லை. 'இலை இறக்கினேன்' என்று மூட்டை தூக்கின கதை மட்டும் வரும்.

இலை வாட்டும் ட்ரஃபில் (இலையைப் பரப்பிக் காற்று விடும் நீளத் தொட்டி) இருந்தவர்களுக்கு இரவு ஷிஃப்ட். பறித்து வரும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ட்ரஃபில் கிடந்து, காற்றில் ஓரளவு வாடிய பிறகே மெஷினுக்குப் போகிறது. ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் பரப்பினால் வாட்டு சமமாக வராது, அந்தக் குறை கடைசி வரைக்கும் தூளோடு வரும். யாரும் மேற்பார்வை பார்க்காத நேரத்தில் சரியாகப் பரப்பினேன், ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன் என்பது சாதாரண விஷயம் இல்லை. இரவு ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காமல் எல்லாக் கம்பெனிகளும் திண்டாடுகின்றன என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி மெஷின் பக்கம் நின்றவர்கள் பாதுகாப்பைப் பற்றி எழுதலாம். இலையோடு வரும் கல், கம்பித் துண்டு, ஆணி எல்லாம் மெஷினுக்குள் போகாமல் பிடிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டியதை அவ்வப்போது துடைக்க வேண்டும். ஓடும் ரோலர் பக்கம் தொளதொள சட்டையோ துப்பட்டாவோ போகக் கூடாது. இரும்புத் துண்டு ஒன்று உள்ளே போனால் ரோலர் பல் உடையும், உடைந்த துண்டு தூளில் சேர்ந்தால் இன்னும் மோசம். உணவுப்பொருள் கம்பெனி எதுவானாலும் இந்த விஷயம் உடனே புரியும்.

நொதிக்க வைக்கும் இடத்தில் கழுவுவதுதான் பெரிய வேலை. பழைய இலை ஒட்டிக்கொண்டிருந்தால் கிருமி வளர்ந்து தூளில் வாடை வந்துவிடும். நேரமும் பார்க்க வேண்டும், நிறமும் பார்க்க வேண்டும். ட்ரையரில் இருந்தவர்கள் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் குறித்திருப்பார்கள். கடைசியில் தூளில் மூன்று சதவீதம் அளவுக்கு ஈரம் நின்றால் சரி. கூடினால் பூசணம் பிடிக்கும், ட்ரையர் சூடு ஏறிவிட்டால் கருகல் வாடை வரும். 'அளவு தாண்டினால் உடனே டீமேக்கரிடம் (தூள் தயாரிப்பைக் கவனிப்பவரிடம்) சொல்வேன்' என்று எழுதினால், மீட்டர் பார்த்துக் குறிக்கும் எந்த வேலைக்கும் நீங்கள் பொருந்துவீர்கள்.

சல்லடையில் தரம் பிரித்தவருக்கு ஆர்டி (ரெட் டஸ்ட்), எஸ்ஆர்டி (சூப்பர் ரெட் டஸ்ட்), எஸ்எஃப்டி (சூப்பர் ஃபைன் டஸ்ட்) என்று தூளின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்கும். தேயிலைத் துறைக்குள்ளேயே வேலை தேடினால் அந்த எழுத்துகளை அப்படியே போடுங்கள். வெளியே தேடினால் 'தரம் வாரியாகப் பிரித்தல்' போதும்.

பேக்கிங் பற்றி அடுத்த பதிலில் உதாரணமே இருக்கிறது.

ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?

வழக்கமாகக் கொண்டுவருவது இப்படி இருக்கும்:

'டீ ஃபேக்டரியில் பேக்கிங் வேலை செய்துள்ளேன். கடின உழைப்பாளி. குழுவாக வேலை செய்யும் திறன் உள்ளது.'

இதை இப்படி மாற்றலாம்:

'பேக்கிங் பிரிவு உதவியாளர் (தற்காலிகம்), தேயிலைத் தொழிற்சாலை, கோத்தகிரி. ஏப்ரல் – ஜூலை 2024. 250 கிராம் பாக்கெட்டுகளின் எடை, சீல், அச்சிட்ட தேதி, பேட்ச் எண் ஆகியவற்றைச் சரிபார்த்தேன். குறையுள்ளவற்றைத் தனியே எடுத்து எண்ணிக்கையைப் பதிவு செய்தேன். பகல், இரவு இரண்டு ஷிஃப்டிலும் வேலை. சீசன் முடியும்வரை இருந்தேன்.'

ஃபேக்டரியின் பெயரையும் போட வேண்டும், இங்கே மாதிரி என்பதால் விட்டிருக்கிறேன். இரண்டாவதில் 'உழைப்பாளி' என்ற சொல்லே இல்லை, ஆனால் படிப்பவருக்கு அது தெரிகிறது. பாக்கெட்டின் மேல் நிகர எடை, விலை, தேதி எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். தப்பாக அச்சான பாக்கெட் கடைக்குப் போனால் மாட்டுவது கம்பெனி. அதைத் தடுத்த கை உங்களுடையது.

எண்கள் போட வேண்டும் என்கிறார்கள். நான் எதையும் எண்ணி வைக்கவில்லையே?

தெரிந்ததை மட்டும் போடுங்கள். உங்கள் மேஜையில் ஒரு பெட்டிக்கு 40 பாக்கெட், ஷிஃப்டுக்கு ஏறக்குறைய 30 பெட்டி என்றால் 1,200 பாக்கெட். இது நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. கேட்டால் விளக்கவும் முடியும். எத்தனை பேர் சேர்ந்து செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சிலர் 'தினமும் பத்தாயிரம் கிலோ தூள் உற்பத்தி செய்தேன்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது ஃபேக்டரி உற்பத்தி செய்தது, தம்பி. நாலு, நாலரைக் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது தெரிந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் 'அப்ப இலை எவ்வளவு வந்துச்சு?' என்று கேட்டு உங்களைத் திணற வைத்துவிடுவார்.

எண்ணே இல்லாவிட்டால் வருகையை எழுதுங்கள். லீவு போடாமல் சீசன் முழுக்க வந்திருந்தால் அதைவிட நல்ல எண் வேறில்லை.

மூன்று சீசனில் மூன்று ஃபேக்டரி. நடுவில் எல்லாம் இடைவெளி. பார்த்தால் நிலையில்லாத ஆள் மாதிரி இருக்கிறதே?

தனித்தனியாக எழுதினால் அப்படித்தான் தெரியும். சேர்த்து எழுதுங்கள்: 'தேயிலைத் தொழிற்சாலைகளில் சீசன் வேலை, 2022 – 2024' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஃபேக்டரிகளின் பெயரும் மாதங்களும்.

கோடை மழைக்குப் பிறகும், அப்புறம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் இலை கொட்டும். டிசம்பருக்கு மேல் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகி, ஃபேக்டரிக்கு வேலையே குறைந்துவிடும். இங்கே இருப்பவர்களுக்கு இது தெரியும். சென்னையிலோ ஓசூரிலோ இருக்கும் ஹெச்ஆருக்குத் தெரியாது. 'இலை வரத்தைப் பொறுத்த பருவகால வேலை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரே ஃபேக்டரி உங்களை இரண்டாவது சீசனும் கூப்பிட்டிருந்தால் 'மறுபடி அழைக்கப்பட்டேன்' என்று கட்டாயம் எழுதுங்கள். வேலை சரியில்லாதவரை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

கான்ட்ராக்டர் மூலம் போனேன். யார் பெயரைப் போடுவது?

இரண்டையும். 'இன்ன ஒப்பந்ததாரர் மூலம், இன்ன தொழிற்சாலையில்' என்று. ஃபேக்டரி பெயரை மட்டும் போட்டுவிட்டு, பிஎஃப் கணக்கில் கான்ட்ராக்டர் பெயர் வந்தால் அனாவசியமாகச் சந்தேகம் வரும்.

எந்தச் சான்றிதழும் தரவில்லை. எப்படி நிரூபிப்பது?

முதலில் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை முடியும்போது பணிச்சான்று தர வேண்டியது கான்ட்ராக்டரின் கடமை என்று மத்திய அரசின் 1971-ஆம் ஆண்டு விதிகளே சொல்லியிருந்தன. 2020-ல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சேரும்போதே நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். 'சார், அடுத்த வேலைக்குத் தேவைப்படுது, லெட்டர்ஹெட்டில் ரெண்டு வரி போதும்' என்று நீங்களே அடித்துக்கொண்டு போய் நீட்டினால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சீசன் முடிந்து ஆறு மாதம் கழித்துப் போனால்தான் 'யாரு நீ?' என்பார்கள்.

கிடைக்கவே இல்லை என்றால் பிஎஃப் பாஸ்புக் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஃபேக்டரிகளில் பிஎஃப் பிடித்திருப்பார்கள். பிஎஃப் இணையதளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) நுழைந்தால் எந்த மாதம் யார் பணம் கட்டினார்கள் என்று வரும். இஎஸ்ஐ எண், வங்கிக் கணக்கில் ஏறிய கூலி இவையும் உதவும். பாஸ்புக்கைப் பார்க்கும்போதே வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது விடுபட்டிருந்தால் அடுத்த கம்பெனியில் தொல்லை. கடைசித் தொகை கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே அந்தத் தளத்தில் அதைப் பதியலாம். ஒவ்வொரு சீசனுக்கும் புது யூஏஎன் எண் எடுக்க விடாதீர்கள், பழையதையே கொடுங்கள்.

மூன்று மாதத்தை ஒரு வருடம் என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மேலே சொன்ன பாஸ்புக்குக்குத் தெரியும்.

இன்டர்வியூவில் 'போர் அடிக்கலையா?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

'இல்லை சார், ரொம்பப் பிடிச்சிருந்தது' என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே வேலையை எட்டு மணி நேரம் செய்தால் போர் அடிக்கத்தான் செய்யும். அதை ஒத்துக்கொண்டு, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

'முதல் வாரம் கஷ்டமா இருந்துச்சு சார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கவனம் சிதறும், சீல் சரியா ஒட்டாத பாக்கெட் ஒண்ணு ரெண்டு கடந்து போயிடும். அதனால அந்த நேரத்துல மட்டும் பத்துப் பாக்கெட்டுக்கு ஒண்ணை மறுபடி எடுத்து அழுத்திப் பார்க்கப் பழகிக்கிட்டேன்.'

இந்த மாதிரிப் பதிலைக் கேட்டால் சூப்பர்வைசராக இருந்து வந்த ஆள் தலையாட்டுவார். அவரும் அதே மத்தியான மூன்று மணித் தூக்கத்தோடு போராடியவர்தான். ஆனால் உங்களுக்கு நிஜமாக நடந்ததைச் சொல்லுங்கள், மேலே உள்ளதை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள்.

'ஏன் விட்டீங்க?' என்றால் 'சீசன் முடிந்தது' என்பதே முழுப் பதில். பழைய மேனேஜரைப் பற்றியோ கூலியைப் பற்றியோ குறை சொல்லும் இடம் அது இல்லை, குறை நியாயமாகவே இருந்தாலும்.

நான் பி.காம். 'டிகிரி படிச்சுட்டு மூட்டை தைச்சியா?' என்று கேட்டால்?

இதைக் கேட்பது பெரும்பாலும் சொந்தக்காரர்கள். கம்பெனிக்காரர்கள் கேட்டு நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. பி.காம். படித்தவர் ஃபேக்டரியில் ஸ்டாக் எப்படி ஏறுகிறது, ஏலத்துக்குப் போகும் சரக்குக்கு இன்வாய்ஸ் எண் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்த்தவர். குன்னூரில் தேயிலை ஏலம் சார்ந்த புரோக்கர் அலுவலகங்களும் கிடங்குகளும் இருக்கின்றன. அங்கே எழுத்து வேலைக்குப் போக, மூட்டையைத் தொட்டுப் பார்த்தவர் என்பது கூடுதல் பலம். தாவரவியல், உயிர்வேதியியல் படித்தவர்கள் தரக்கட்டுப்பாட்டுப் பக்கம் முயலலாம்.

வங்கி, ஐடி பக்கம் போனால் இது பெரிதாக எடுபடாது. அங்கே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) சொந்தத் தோட்டம். வீட்டு வேலையாக இலை பறிப்பதும் அனுபவத்தில் சேருமா?

சம்பள வேலை என்று எழுதக் கூடாது. ஆனால் 'குடும்பத் தேயிலைத் தோட்டத்தில் பறிப்பு, கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை அனுப்பும் கணக்கு' என்று தனி வரியாக எழுதலாம். இலை கொடுப்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் தெரிந்தவர்களை, இலை வாங்கும் ஃபேக்டரிகள் இலை சேகரிக்கும் பணிக்குத் தேடுவதுண்டு.

நான் கொடைக்கானல் பக்கம். இங்கே டீ ஃபேக்டரி இல்லையே?

கேள்வி ஒன்றுதான்: கண்ணயர்ந்தால் எது கெடும்? தாண்டிக்குடி, பட்டிவீரன்பட்டிப் பக்கம் காப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்கள் உடைந்தது, கறுத்தது, பூச்சி அரித்தது என்று கையால் பிரிக்கிறார்கள். ஒரு கறுத்த கொட்டை போதும், கோப்பையில் வாடை வர. அதை 'காப்பி பொறுக்கினேன்' என்று எழுதாமல் 'குறைபாடு வாரியாகக் காப்பிக்கொட்டை தரம் பிரித்தல்' என்று எழுதுங்கள் அக்கா. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு அதே கண்தான் வேண்டும். கொடைக்கானலில் சாக்லேட் பேக்கிங் செய்தவர்களுக்குக் கையுறை, தலைக்கவர், சுத்தம், சீசன் கூட்டத்தில் ஆர்டர் பிசகாமல் கட்டியது என்று எழுத நிறைய இருக்கிறது. கேத்திப் பக்கம் ஊசி ஃபேக்டரி போன்ற இடங்களில் இருந்தவர்களுக்கு நுண்ணிய பொருளைச் சோதித்த அனுபவம்.

பயோடேட்டா தமிழிலா, ஆங்கிலத்திலா?

மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் சிறு கம்பெனிகளுக்குத் தமிழ் போதும். ரிசார்ட், பெரிய உணவுக் கம்பெனி என்றால் ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஆங்கிலத்தில் போட்டால் அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குப் புரிய வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து நகல் எடுத்த நாலு வரியைப் படித்துக் காட்டச் சொல்லி, அங்கேயே திணறிப்போனவர்கள் உண்டு.

இப்போதுதான் சீசன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கி, எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், ஏறக்குறைய எவ்வளவு வேலை என்று வாரத்துக்கு ஒருமுறை குறியுங்கள். மூன்று மாதம் கழித்து ஞாபகம் வராது. ஆள் வராத நாளில் வேறு பிரிவுக்கு அனுப்பினால் முகம் சுளிக்காமல் போங்கள், பயோடேட்டாவில் இன்னொரு வரி கிடைக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி இருக்கிறது. ஃபேக்டரியில் யாருக்காவது அதை ஏற்பாடு செய்தால் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், சான்றிதழ் உங்கள் பெயரில் வரும். கடைசி நாளில் சூப்பர்வைசரிடம், 'அண்ணா, வேற கம்பெனியில இருந்து கேட்டா உங்க நம்பரைத் தரலாமா?' என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் அந்த நம்பரை பயோடேட்டாவில் போடுங்கள்.